நியூயார்க் நகரக் குற்றவியல் நீதி அலுவலகத்தில் அரசுத் தொடர்பு இயக்குநர்: எந்த மாதம் எந்தக் கதவைத் தட்டுவது?

படகுத்துறை கேட்டது:

வணக்கம். நியூயார்க் மேயரின் குற்றவியல் நீதி அலுவலகத்தில் அரசுத் தொடர்புகளை நடத்தும் பொறுப்பைப் பற்றிக் கேட்கிறேன். வேலை விவரத்தில் ஆல்பனி (மாநிலத் தலைநகர்), சிட்டி கவுன்சில், வாஷிங்டன், ஐந்து மாவட்ட வழக்கறிஞர்கள், நீதிமன்ற நிர்வாகம் என்று எல்லாப் பெயரும் இருக்கிறது. எது முதலில், எது எந்த மாதத்தில் என்பது இல்லை.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது: இந்த அலுவலகத்துக்கு உண்மையில் யார்மேல் அதிகாரம் உண்டு? மாநிலச் சட்டத்தில் ஒரு வாசகத்தை மாற்ற வேண்டுமானால் எப்போது, யாரிடம் போவது? கவுன்சில் விசாரணைக்கு எப்படித் தயாராவது? மத்திய அரசு மானியத்தில் எந்த இடத்தில் தவறு நடக்கிறது? பொது அறிவுரை வேண்டாம். தேதி, தாள், எண்ணிக்கை என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மருதன்:

யார்மேல் அதிகாரம் இல்லை என்பதிலிருந்து தொடங்குங்கள். நகர சாசனத்தின் 13-ஆம் பிரிவு மேயர் அலுவலகத்தில் குற்றவியல் நீதி ஒருங்கிணைப்பாளர் என்ற பதவியை வைக்கிறது. வேலை ஒருங்கிணைப்பதும் மேயருக்கு ஆலோசனை சொல்வதும். கட்டளையிடும் அதிகாரம் மிகக் குறைவு.

ஒருவர் கைதாகி நீதிபதி முன் நிற்கும் வரை நடப்பதைப் பாருங்கள். கைது செய்வது நகரக் காவல் துறை, அது மேயருக்குக் கீழ். விரல் ரேகை ஆல்பனியில் உள்ள மாநிலக் குற்றவியல் நீதிச் சேவைகள் பிரிவுக்குப் போய், பழைய வழக்கு விவரம் அங்கிருந்து திரும்பி வர வேண்டும். குற்றச்சாட்டை எழுதுவது மாவட்ட வழக்கறிஞர். நகரத்தின் ஐந்து பரோவுக்கு (பெரும்பகுதிக்கு) ஐந்து பேர், ஐவரும் தேர்தலில் வென்றவர்கள். அலுவலகச் செலவை நகரம் கொடுத்தாலும் யார்மேல் வழக்குப் போடுவது என்பதை மேயர் சொல்ல முடியாது. நீதிமன்றம் மாநிலத்துடையது, கட்டடம் தர வேண்டியது நகரம். கிரிமினல் கோர்ட் நீதிபதியை மேயர் 10 ஆண்டுக்கு நியமிக்கிறார். சுப்ரீம் கோர்ட் (பெயர் அப்படி இருந்தாலும் இங்கே அது விசாரணை நீதிமன்றம்) நீதிபதியோ 14 ஆண்டுக்குத் தேர்தலில் வருகிறவர். எதிர்த்தரப்பு வக்கீலுக்கான ஒப்பந்தப் பணம் மறுபடி நகரத்தின் பொறுப்பு. இவ்வளவும் சுமார் 24 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்று மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது.

அரெய்ன்மென்ட் (கைதானவர் முதன்முதலில் நீதிபதி முன் நிற்பது) தாமதமாகிறது என்று புகார் வந்தால் ஒரே ஆளைக் கூப்பிட்டுத் தீர்க்க முடியாததற்குக் காரணம் இதுதான். எந்தக் கட்டத்தில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் யாருக்கும் போன் போடாதீர்கள். ரேகை திரும்பி வருவதில் தாமதமா, குற்றச்சாட்டு எழுதுவதிலா, இரவு ஷிஃப்டில் நீதிபதி குறைவா, வக்கீல் கைதியைச் சந்திக்க அறை இல்லையா? நான்குக்கும் நான்கு வெவ்வேறு வாசல்.

இன்னொரு உதாரணம், இந்த வேலையில் அடிக்கடி வரக்கூடியது. தண்டனை முடிவாகி மாநிலச் சிறைக்குப் போக வேண்டியவர்களை "ஸ்டேட் ரெடி" என்பார்கள். மாநிலச் சிறைத் துறை வந்து ஏற்கும் வரை அவர்கள் நகரச் சிறை உள்ள ரைக்கர்ஸ் தீவில்தான் இருப்பார்கள். 2025 பிப்ரவரி, மார்ச்சில் மாநிலச் சிறைக் காவலர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இந்த இடமாற்றம் நின்றுபோனது, நகரச் சிறையின் எண்ணிக்கை ஏறியது. நகரத்தில் ஒரு கொள்கையும் மாறவில்லை, ஆனால் கவுன்சிலில் பதில் சொல்ல வேண்டியது நகரம்.

அதேபோல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 730-ஆம் பிரிவு: மனநிலை காரணமாக வழக்கை எதிர்கொள்ளத் தகுதியில்லை என்று முடிவானவர் மாநில மனநல மருத்துவமனையில் படுக்கை கிடைக்கும் வரை ரைக்கர்ஸில் காத்திருக்கிறார். சிகிச்சைச் செலவை உள்ளாட்சி ஏற்கிறது, படுக்கை மாநிலத்தின் கையில். இந்த இரண்டு வகையிலும் இன்று எத்தனை பேர், எத்தனை நாளாக என்ற தாள் ஒவ்வொரு திங்களும் உங்கள் மேசையில் இருக்க வேண்டும். மாநிலத் துறையின் துணை ஆணையரிடம் பேசும்போது அதைத் தவிர வேறு ஆயுதம் உங்களிடம் இல்லை.

கல்யாணி_ஆல்பனி:

மாநிலச் சட்டம் பற்றி. ஜனவரியில் கூட்டத்தொடர் தொடங்கியதும் போகலாம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. குற்றவியல் நீதிச் சட்டத்தின் பெரிய மாற்றங்கள் தனி மசோதாவாக வருவதைவிட மாநில பட்ஜெட்டுக்குள் ஏறி வருவதே அதிகம். 2019 ஜாமீன் சீர்திருத்தம் பட்ஜெட்டில் நிறைவேறி 2020 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 2020, 2022, 2023-இல் செய்த திருத்தங்களும் பட்ஜெட் வழியாகத்தான். 2025-இல் வழக்கு ஆவணங்களை எதிர்த்தரப்புக்குக் கொடுக்கும் விதிகளை மாற்றியதும் அப்படியே.

மாநில நிதியாண்டு ஏப்ரல் 1. ஆளுநரின் பட்ஜெட் பொதுவாக ஜனவரி நடுவில் வெளிவருகிறது. ஆளுநர் தேர்தலுக்கு அடுத்த ஆண்டு மட்டும் பிப்ரவரி 1 வரை நேரம் உண்டு. அதற்குள் உங்கள் சட்ட வாசகம் உள்ளே போக வேண்டுமானால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஆளுநரின் சட்ட ஆலோசகர் அலுவலகத்திலும் மாநில பட்ஜெட் பிரிவிலும் பேசி முடித்திருக்க வேண்டும். தவறவிட்டால் ஆளுநர் தன் பட்ஜெட்டைத் திருத்த உள்ள 30 நாள் ஒரு சிறு ஜன்னல். அதுவும் போனால் மார்ச் நடுவில் செனட்டும் அசெம்பிளியும் தனித்தனியே வெளியிடும் பட்ஜெட் தீர்மானங்கள். மூன்றுமே தவறினால் ஜூன் தொடக்கம் வரை தனி மசோதாவாக அலைய வேண்டியதுதான்.

ஆளுநரின் வரைவுக்குள் நுழைவதற்கு இவ்வளவு மதிப்பு ஏன்? மாநில அரசியலமைப்பின் 7-ஆம் விதிப்படி, ஆளுநர் அனுப்பும் நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் சட்டமன்றம் ஒரு தொகையை நீக்கலாம், குறைக்கலாம், புதிய தொகையைத் தனி இனமாகச் சேர்க்கலாம். அதற்குமேல் கை வைக்க முடியாது. கூடவே வரும் கொள்கை மசோதாவை அவர்கள் திருத்த முடியும். பேரம் அங்கேதான் நடக்கிறது. உங்கள் கோரிக்கை பணமா, சட்ட வாசகமா என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

கோரிக்கைத் தாள் ஒரு பக்கம்தான் இருக்க வேண்டும். மேலே செனட் எண், அசெம்பிளி எண், அதன் கடைசி அச்செழுத்து. மசோதா திருத்தப்படும் ஒவ்வொரு முறையும் ஏ, பி என்று எழுத்து மாறும். பழைய அச்சுக்கு ஆதரவு மெமோ அனுப்பினால் படிக்காமல் தள்ளிவிடுவார்கள். அடுத்து நகரத்தின் நிலைப்பாடு ஒரே வாக்கியத்தில். பிறகு சட்டத்தில் எந்தச் சொல் நீங்குகிறது, எந்தச் சொல் சேர்கிறது. ஆண்டுக்கு எத்தனை பேரைத் தொடும். கடைசியில் செலவு.

செலவுக் கணக்கில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மாநில ஆண்டு ஏப்ரல் 1, நகர ஆண்டு ஜூலை 1. ஏப்ரலில் தொடங்கும் திட்டம் நகரத்தின் நடப்பு ஆண்டில் 3 மாதச் செலவாக விழும். அந்த 3 மாதத்துக்கு நகர பட்ஜெட் அலுவலகம் ஒதுக்கியிருக்காது. இரண்டு ஆண்டுக் கணக்கையும் தனித்தனி வரியில் எழுதி, அனுப்பும் முன் பட்ஜெட் அலுவலகத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்.

பணம் உண்டு என்று மாநிலம் சொல்வதையும் நிபந்தனையோடு படிக்க வேண்டும். 16, 17 வயதினரைப் பெரியவர்களாக நடத்துவதை நிறுத்திய சட்டம் 2017-இல் வந்தது. 16 வயதுக்கு 2018 அக்டோபர் 1, 17 வயதுக்கு 2019 அக்டோபர் 1 முதல் நடைமுறை. செலவை மாநிலம் ஈடுகட்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, ஆனால் சொத்துவரி உச்சவரம்புக்குள் இருக்கும் உள்ளாட்சிகளுக்கு. நியூயார்க் நகரத்துக்கு அந்த உச்சவரம்பே பொருந்தாது. ஆகவே நிதி நெருக்கடியை நிரூபித்தால்தான் பணம். ஒரு வரியில் ஒளிந்திருக்கும் அநியாயம் இது, நகரம் ஆண்டுதோறும் ஆல்பனியில் எழுப்ப வேண்டிய விஷயம்.

எதையும் ஆல்பனிக்கு நேராக அனுப்பாதீர்கள். மேயரின் மாநிலச் சட்ட விவகாரப் பிரிவு வழியாகத்தான். நகரத்தின் இரண்டு அலுவலகங்கள் ஒரே மசோதாவுக்கு இரண்டு மெமோ அனுப்பினால், இரண்டையும் ஒதுக்கிவைக்க சட்டமன்ற ஊழியருக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும்.

செங்கல்மேடு:

கல்யாணி சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும்: ஹோம் ரூல். பட்ஜெட்டில் ஏறாமல், நியூயார்க் நகரத்தின் சொந்த விவகாரத்தை மட்டும் தொடும் சிறப்புச் சட்டமாக மசோதா போனால், மாநில அரசியலமைப்பின் 9-ஆம் விதிப்படி நகரமே அதைக் கேட்டு அனுப்ப வேண்டும். இரண்டு வழி உண்டு. மேயர் கேட்டு, கவுன்சிலின் 51 பேரில் 26 பேர் ஒப்புக்கொள்வது ஒன்று. மேயர் இல்லாமல் கவுன்சில் மட்டும் 34 வாக்கோடு கேட்பது மற்றொன்று. மற்ற ஊர்களுக்கு ஆளுநரின் அவசரச் சான்றிதழ் என்ற மூன்றாவது வழி இருக்கிறது. நியூயார்க் நகரத்துக்கு அது கிடையாது, அரசியலமைப்பிலேயே விலக்கி வைத்திருக்கிறார்கள்.

மாநிலம் முழுவதற்கும் ஒரேபோலப் பொருந்தும் குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்தத்துக்கு இது வேண்டாம். நகரச் சிறைக் காவலர் ஓய்வூதியம் போன்றவற்றுக்கு வேண்டும். கோரிக்கை ஒரு குறிப்பிட்ட அச்சுக்கானது. ஜூன் முதல் வாரத்தில் மசோதாவின் அச்செழுத்து மாறிவிட்டால் புதிதாகக் கேட்க வேண்டும், அந்த வாரத்தில் கவுன்சில் கூடுகிறதா என்பதை மே மாதமே பார்த்து வையுங்கள். மசோதாவின் கடைசி அச்சு உறுப்பினர் மேசையில் 3 நாள் இருக்க வேண்டும் என்ற விதியையும் கணக்கில் சேர்த்து, கூட்டத்தொடரின் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

இனி கவுன்சில். உள்ளூர் மசோதா இறுதி வடிவில் ஞாயிறு நீங்கலாக 7 நாள் மேசையில் இருந்தாக வேண்டும். ஆகவே திருத்தம் கேட்பதற்கான நேரம் அந்த 7 நாளுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் கமிட்டி வக்கீலுக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பயனில்லை. நிறைவேறியதும் மேயருக்கு 30 நாள்: கையெழுத்து, வீட்டோ, அல்லது சும்மா விட்டால் தானே சட்டமாகும். வீட்டோவைத் தாண்ட 34 வாக்கு. 2024 ஜனவரி 30 அன்று ஒரே நாளில் இரண்டு வீட்டோக்களைக் கவுன்சில் முறியடித்தது, இரண்டும் நம் துறை: போலீஸ் சாலையில் நிறுத்தி விசாரிப்பதைப் பதிவு செய்யும் சட்டமும், சிறையில் தனிமை அடைப்பைத் தடுக்கும் சட்டமும். 34 பேர் இருக்கிறார்களா என்பதை மேயரிடம் வீட்டோவுக்கு முன்பே சொல்ல வேண்டியவர் அரசுத் தொடர்பில் இருப்பவர். கேட்க விரும்பாத எண்ணாக இருந்தாலும் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

படகுத்துறை:

மிக்க நன்றி. மூவருமே நான் தேடிய அளவுக்கு விவரமாகச் சொல்லிவிட்டீர்கள். விசாரணைத் தயாரிப்பு பற்றி இன்னும் கொஞ்சம் வேண்டும். குறிப்பாக, காவல் துறை ஓர் எண்ணும் நீதிமன்றம் வேறோர் எண்ணும் கொடுத்தால் எதைச் சொல்வது?

எண்கணக்கு:

பெரும்பாலும் இரண்டு எண்ணும் சரியாகவே இருக்கும், எண்ணுகிற பொருள்தான் வேறு. காவல் துறை கைதுகளை எண்ணும். நீதிமன்றம் வழக்கு எண்களை எண்ணும். சிறைத் துறை உள்ளே வந்த முறைகளை எண்ணும். ஒரே ஆள் மார்ச் மாதத்தில் மூன்று முறை கைதாகி, இரண்டு வழக்காகி, ஒரு முறை சிறைக்குப் போனால், 3, 2, 1 என்று மூன்று எண் வரும். ஆள் ஒருவர்தான். ரேகையோடு இணைந்த மாநில அடையாள எண்ணை வைத்துச் சேர்த்தால்தான் "எத்தனை பேர்" என்ற கேள்விக்குப் பதில் வரும். ஆகவே சாட்சியுரையில் ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று குறிப்பு வேண்டும்: எதை எண்ணியது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, யாருடைய தரவு.

"மீண்டும் கைது" வீதம் இன்னும் வம்பானது. ஜாமீன் பற்றிய ஒவ்வொரு விசாரணையிலும் இது வரும். வழக்கு நடக்கும் காலத்தில் மீண்டும் கைதா, விடுதலையிலிருந்து ஓராண்டுக்குள்ளா, எந்தக் குற்றத்துக்காகவும் மீண்டும் கைதா, வன்முறைக் குற்றத்துக்காக மட்டுமா? இந்த நான்கில் எது என்று சொல்லாமல் ஒரு சதவீதத்தைச் சொன்னால், மறுநாள் அது எதிர்த்தரப்பின் சதவீதத்தோடு மோதும், இரண்டும் வெவ்வேறு பொருள் என்பதை யாரும் எழுத மாட்டார்கள்.

இன்னொன்று, குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாக முடிந்த வழக்குகள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160.50-ஆம் பிரிவின்படி முத்திரையிடப்படுகின்றன, அதாவது அந்த விவரத்தை வெளியிடக் கூடாது. ஓர் உறுப்பினர் மைக்கில் "அந்த வழக்கில் என்ன ஆனது?" என்று பெயர் சொல்லிக் கேட்டால், வாய்தவறிச் சொல்வதுகூட சட்டப் பிரச்சினை. தனி வழக்குகளைப் பற்றிப் பேச முடியாது என்ற வாக்கியத்தைச் சாட்சி சொல்பவர் முன்னாடியே பழகியிருக்க வேண்டும். நீதிமன்றத் தரவும் மாநிலப் பிரிவின் தரவும் ஒப்பந்தத்தின் பேரில் வருபவை. வெளியிடும் முன் தந்தவர் பார்த்து ஒப்ப வேண்டும் என்று அதில் இருந்தால் அதற்கு ஒரு வாரமாவது ஒதுக்குங்கள்.

தயாரிப்பில் வழக்கம் இதுதான். தேதி தெரிந்த அன்றே கமிட்டி வக்கீலையும் கவுன்சிலின் நிதி ஆய்வாளரையும் கூப்பிட்டு, எந்தத் தலைப்புகள் என்று கேட்பது. பலர் கேட்பதே இல்லை. கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். அதன்பின் எழுத்துரை, அது பட்ஜெட் அலுவலகம், மேயரின் வக்கீல், நகரச் சட்ட விவகாரப் பிரிவு மூன்றையும் தாண்டி வர வேண்டும். சிறை பற்றி ஒரு வரி இருந்தாலும் நகரச் சட்டத் துறையிடமும் காட்டுங்கள். ரைக்கர்ஸ் வழக்கு 2015 ஒப்பந்தத் தீர்ப்பு முதல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் மேற்பார்வையில் இருக்கிறது. கவுன்சிலில் சொன்ன வாக்கியம் அங்கே ஆவணமாக வந்து நிற்கும். சாட்சிகள் உண்மை சொல்வதாக உறுதிமொழி எடுத்துத்தான் பேசுகிறார்கள்.

கேள்வி-பதில் கோப்பைத் துறை வாரியாக அடுக்காதீர்கள், உறுப்பினர் வாரியாக அடுக்குங்கள். ஒவ்வொருவரும் தன் தொகுதியில் உள்ள நீதிமன்றத்தையோ புதிய சிறைக் கட்டடத்தையோ ஒப்பந்த நிறுவனத்தையோ பற்றிக் கேட்பார். தெரியாத எண்ணை ஊகித்துச் சொல்லவே கூடாது. "எழுத்தில் தருகிறோம்" என்று சொன்ன ஒவ்வொன்றையும் உங்கள் ஆள் அங்கேயே குறித்து, மாலைக்குள் பொறுப்பாளர் பெயரோடு பட்டியலாக்க வேண்டும். அடுத்த விசாரணை பல சமயம் அந்தப் பட்டியலிலிருந்துதான் தொடங்கும்.

மார்ச் பட்ஜெட் விசாரணையில் கட்டாயம் வரும் புகார்: தொண்டு நிறுவனங்களுக்குப் பணம் தாமதம். சிறைக்கு மாற்றுத் திட்டங்களையும் மேற்பார்வை விடுதலையையும் நடத்துவது அவர்கள்தான். ஒப்பந்தம் ஜூலை 1-இல் தொடங்கியதாக இருக்கும், நகரத்தின் தலைமைக் கணக்கு அதிகாரியான கம்ப்ட்ரோலரின் பதிவுக்குப் போவதே பல மாதம் கழித்து. அவர் கைக்குப் போனபின் 30 நாள்தான் கெடு. தாமதம் அதற்கு முந்தைய கட்டங்களில். எந்த ஒப்பந்தம் எந்த மேசையில் எத்தனை நாளாக என்ற பட்டியல் இல்லாமல் அந்த அறைக்குள் போகாதீர்கள். அங்கே பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் சம்பளம் கொடுக்கக் கடன் வாங்கியவர்களாக இருக்கலாம்.

மருதன்:

மத்திய மானியம் பற்றிச் சுருக்கமாக. பைர்ன் ஜேஏஜி என்ற நிதி மக்கள்தொகையையும் வன்முறைக் குற்ற எண்ணிக்கையையும் வைத்து மாநிலங்களுக்குப் பிரிக்கப்படுகிறது. பொதுவாக 60 சதவீதம் மாநிலத்துக்கு, 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு நேரடியாக. விண்ணப்பத்தை அனுப்புவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பு கவுன்சில் பார்வைக்கு வைக்க வேண்டும். தவறு நடப்பது இங்கேதான்: அறிவிப்பு வந்தபின் திட்டம் எழுத ஆரம்பித்தால் அந்த 30 நாள் கைநழுவிவிடும். தொகை தெரியாவிட்டாலும் போன ஆண்டுத் தொகையை வைத்து வரைவைத் தயாராக வைத்திருங்கள். குடியேற்றத் தகவல் பகிர்வு பற்றிய சட்ட உறுதிமொழிகள் மானியத்தோடு வரும், அவற்றில் யார் கையெழுத்திடுவது என்பது சட்டத் துறையின் முடிவு.

கூட்டாட்சி மானியத்தில் முழுச் சம்பளம் வாங்கும் நகர ஊழியர் கட்சித் தேர்தலில் வேட்பாளராக நிற்க ஹேட்ச் சட்டம் தடை போடுகிறது. உங்கள் குழுவில் யாருடைய சம்பளம் எந்த நிதியிலிருந்து என்று தெரிந்து வையுங்கள்.

படகுத்துறை:

கடைசியாக ஒன்று. வேலையில் சேர்வது ஆகஸ்ட் கடைசி என்றால் முதல் வாரம் என்ன செய்வது?

கல்யாணி_ஆல்பனி:

மேயரின் ஆண்டு மேலாண்மை அறிக்கை செப்டம்பர் 17-க்குள் வர வேண்டும். அதில் உங்கள் அலுவலகத்தைத் தொடும் எண்கள் என்ன சொல்லப் போகின்றன என்பதை வெளிவரும் முன்பே வாங்கிப் படியுங்கள். அதே வாரத்தில் காவல், சிறை, புரொபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்பு) மூன்று துறைகளின் அரசுத் தொடர்பாளர்களோடும் நேரில் உட்கார்ந்து, ஆல்பனியில் அவர்கள் கேட்கப்போவது என்ன என்று கேளுங்கள். முரண்பாடு இருந்தால் இப்போதே தெரியட்டும். ஐந்து மாவட்ட வழக்கறிஞர் அலுவலகங்களுக்கும் மரியாதைச் சந்திப்பு, ஒன்றைக்கூட விட வேண்டாம். ஸ்டேட்டன் ஐலண்டைக் கடைசிக்குத் தள்ளுவது வழக்கமாகிவிட்டது, அவர்களுக்கு அது தெரியும். போதைப்பொருள் வழக்குகளுக்கான தனி வழக்கறிஞர் அலுவலகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாநில பட்ஜெட்டுக்கான கோரிக்கைகளை மூன்றாகக் குறையுங்கள். வசதியில்லாதவருக்காக நியமிக்கப்படும் தனியார் வக்கீல்களின் கட்டணத்தை, அதாவது 18-பி கட்டணத்தைப் பாருங்கள்: 2004 முதல் பெரிய வழக்குக்கு மணிக்கு 75 டாலர், சிறியதற்கு 60 டாலர் என்று நின்றிருந்தது. நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, பிறகு 2023 பட்ஜெட்டில்தான் 158 டாலர் என்று சட்டமாகி, மாநிலம் பாதி வரை பங்கேற்க ஒப்புக்கொண்டது. இப்படிப்பட்ட ஒரு கோரிக்கைக்கே அவ்வளவு காலம் பிடிக்கிறது. பதினைந்து கோரிக்கையோடு போனால் பதினைந்தும் அடுத்த ஆண்டுக்குத்தான். மூன்றுக்கும் ஒரு பக்கத் தாளும் பட்ஜெட் அலுவலகத்தின் ஒப்புதலும் செப்டம்பர் 30-க்குள் கையில் இருந்தால் அக்டோபரில் ஆளுநர் அலுவலகத்தில் நேரம் கேட்கலாம்.